பெரிய வாத்தியாருக்காக ஒரு பெட்டிசம்

எட்டாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
9.9.1962

அன்புத் தங்கச்சி நாகேஸ்வரிக்கு,

அண்ணன் ஏரம்பு எழுதிக்கொள்வது. நானும் உன் மச்சாள் அன்னபாக்கியமும் சுகம், இரண்டு எருமையும் சுகம். உன் மகள், என் மருமகள் சுகமோ? பாலன் மச்சானின் வயிறு சுகமோ? போன தரம் கண்டபோது அது அவருக்கு முன்னால் ஒரு முழம் நடந்து வந்தது. என் கடிதத்தை அவர்தான் உனக்குச் சத்தமாய் வாசித்துக் காட்டுகிறவர் என்று எனக்குத் தெரியும். வாசியும் மச்சான், வெட்கப்படாமல் வாசியும்.

போன கிழமை எங்கள் வளவுக்குள் யானை வந்தது. நான் பந்தம் கொளுத்தத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருக்க, உன் மச்சாள் குசினி வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டாள். யானை போய்விட்டது. இன்னும் காட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டு திரிவதாகக் கேள்வி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கனகலிங்கம் வாத்தியார்மேல் ஒரு பழி வந்திருக்கிறது. உனக்குப் படிப்பித்த அதே பெரிய வாத்தியார்தான். இப்போது பள்ளிக்கூடத்தோடு கிராம முன்னேற்றச் சங்கத் தலைவரும் அவர், கோயில் தர்மகர்த்தாவும் அவர். பரந்தனிலிருந்து மாங்குளம் வரைக்கும் அவர் பேரைச் சொன்னால் பஸ் நிற்கும்.

நாலாம் வாய்க்காலில் விமலேஸ்வரி என்று ஒருத்தி, புருசன் செத்த பிறகு காணியைத் தன் பேருக்கு மாற்றித் தரச் சொல்லி அலைகிறவள். அவளுடைய மகள் கமலாசனி எட்டாம் வகுப்பு. பின்னேரக் கணக்கு வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வாத்தியார் தன்னை மட்டும் மறித்துப் புத்தக அறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, கையைப் பிடித்துத் தகாத மாதிரி நடந்தார் என்று தாயிடம் சொன்னாளாம். தாய் உடனே, பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வருகிற வித்தியாதரிசிக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.

காணி மாற்றத்துக்குச் சிபாரிசு எழுத வாத்தியார் மறுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இப்போது விளங்குதோ? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை மன்னித்து விட்டது, எனக்கே விளங்குது. அவர் இல்லாவிட்டால் நமக்கு இந்த மண் ஏது? எனக்காகக் காணி அலுவலாய் அரசாங்கக் கச்சேரிக்கு எத்தனை தரம் ஏறி இறங்கினார். தாய் தகப்பன் இல்லாத உன்னைத் தன் பிள்ளை மாதிரி வைத்துப் படிப்பித்தார். நீதான் கணக்குக்குப் பயந்து பாதியில் ஓடினாய். ஓடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நீ ரீச்சர், நான் ரீச்சரின் அண்ணன். கதிரையில் சாய்ந்திருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன்.

பெட்டை சொல்வது பொய், வாத்தியார் தங்கமான மனிசன் என்று ஊரெல்லாம் சேர்ந்து வித்தியாதரிசிக்கு ஒரு பெட்டிசம் எழுதுகிறோம். கையெழுத்துச் சேர்க்கும் வேலை என்னுடையது. முதல் கையெழுத்தும் என்னுடையதுதான்.

மருமகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
எறும்பு ஊர்ந்த எழுத்துக்காரன்,
அண்ணன் ஏரம்பு

•

உடையார்கட்டு,
21.9.1962

அன்பான அண்ணைக்கு,

நாகேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் மச்சாளும் அப்படியே இருக்கக் கடவுளைக் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார். யானைக் கதையைப் பிள்ளைக்கு நடித்தும் காட்டினார். இங்கே இன்னும் மழை இல்லை. கிணற்றில் அடித்தண்ணீர்தான். மச்சாளின் இருமலுக்கு ஒரு போத்தல் தேன் எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே கடை வைத்திருக்கும் ஹமீட் நானா சாமான் எடுக்கக் கிளிநொச்சிக்கு வருவார். அவரிடம் கொடுத்து விடுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
தங்கச்சி நாகேஸ்வரி

அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது?

•

எட்டாம் வாய்க்கால்,
4.10.1962

அன்புத் தங்கச்சிக்கு,

தேன் வந்தது. உன் மச்சாளின் இருமல் நின்றுவிட்டது. அதனால் இப்போது பேசுவதற்கு அவளுக்கு நேரம் கூடிவிட்டது. எனக்கும் ஏதாவது மருந்து இருந்தால் அனுப்பு. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் கேட்கிறேன்.

வயது பதின்மூன்று. நீ படிப்பை விட்ட அதே வயது. ஆனால் நீ வாயில்லாத பிள்ளை. இது வாயுள்ள பிள்ளை.

பெட்டிசத்தில் நாற்பது பேருக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்து வயல் ஐயாத்துரை பெருவிரலை மையில் தோய்த்து அடையாளம் வைத்துவிட்டு, மிச்ச மையை மீசையில் துடைத்தான். ஒரு பக்கத்துக்கு மட்டும் இளமை திரும்பிவிட்டது. பெண்சாதி எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் நிற்கிறாளாம்.

சங்கக்கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மா எடுக்க வரிசையில் நிற்கிறோம். ஐயாத்துரை கேட்டான்: "என்ன ஏரம்பண்ணை, வாத்தியார் கையைப் பிடிச்சவர் எண்டெல்லோ அந்தப் பெட்டை சொல்லுதாம்?"

நான் சொன்னேன்: "கணக்குப் பிழைச்சால் வாத்தியார் கையைப் பிடிக்காமல் பின்னை என்ன, காலையோ பிடிக்கிறது?"

மனேச்சர் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார். மா எல்லாம் பறந்தது. அன்று பின்னேரம் நான் வயலுக்குப் போகிறேன், நாலாம் வாய்க்காலில் முன்பின் தெரியாத ஒருவன் அதை எனக்கே சொல்லிச் சிரிக்கிறான்.

இனி உன் வேலை. இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். அதில் 'நான் கனகலிங்கம் வாத்தியாரிடம் படித்த மாணவி, அவர் ஒழுக்கமுள்ளவர்' என்று உன் முத்தான எழுத்தில் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பு. அவரிடம் படித்த ஒரு பெண்பிள்ளையின் கையெழுத்து என்னைப் போன்ற பத்துப் பேருடைய பெருவிரலுக்குச் சமன் என்று வாத்தியாரே சொன்னார். உன்னைத்தான் முதலில் ஞாபகப்படுத்தினார்.

இப்படிக்கு,
அண்ணன் ஏரம்பு

•

எட்டாம் வாய்க்கால்,
11.11.1962

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மருமகளுக்குக் காய்ச்சலோ? உனக்கு ஏதும் சுகமில்லையோ? அல்லது பாலன் மச்சான் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தான் மட்டும் வாசித்துச் சிரிக்கிறாரோ? நாங்கள் இருவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. காலபோக விதைப்பு முடித்து, பயிர் நன்றாய் முளைத்திருக்கிறது.

பெட்டிசத்தில் அறுபத்திரண்டு பேர். உன் தாள் மட்டும்தான் பாக்கி. வாத்தியார் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

அந்தப் பெட்டை பள்ளிக்கூடம் வருவதில்லை. வாய்க்கால் கட்டில் நடந்து போனால் பொடியன்கள் பின்னால் நின்று "கையோ, காலோ?" என்று கத்துகிறார்கள். நான் எப்போதோ சொன்ன பகிடி இப்படி வேர்விடும் என்று யார் கண்டது.

நேற்று அவள் தண்ணீர்க் குடத்தோடு எனக்கு எதிரே வந்தாள். வழக்கம்போல ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் ஓடவில்லை. குடத்தை இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு, நான் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள். எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது. வயது போகிறது போல.

தாளை அனுப்பு.

இப்படிக்கு,
அண்ணன் ஏரம்பு

•

உடையார்கட்டு,
24.11.1962

அன்பான அண்ணைக்கு,

நாகேஸ்வரி எழுதுவது. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. எனக்கும் ஒன்றுமில்லை. உங்கள் இருவரின் சுகத்தையும் வேண்டுகிறேன்.

உங்கள் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அதில் நான் ஒன்றும் எழுதவில்லை.

சங்கக்கடையில் நீங்கள் சொன்னதை அவர் சத்தமாக வாசித்து நன்றாகச் சிரித்தார். பிறகு ஹமீட் நானா கடையில் போய்ச் சொன்னார். அங்கேயும் சிரித்தார்களாம். பிள்ளை இப்போது சோறு கறி விளையாடும்போது அதைச் சொல்கிறாள். அவளுக்குப் பொருள் தெரியாது.

அண்ணை, ஒன்று கேட்க வேண்டும். அந்தப் புத்தக அறைக் கதவின் உட்பக்கக் கொண்டி இன்னும் மேலே, நிலைக்குக் கிட்டத்தானா இருக்கிறது? அல்லது இறக்கி அடித்துவிட்டார்களா? கமலாசனி உயரமான பிள்ளையா?

இனிமேல் எனக்கு எழுதுவதானால் ஹமீட் நானாவின் மனைவி ஸக்கியாவின் பேருக்கு, கடை விலாசத்துக்குப் போடுங்கள். அவவுக்கு வாசிக்கத் தெரியாது. உடைக்காமல் என் கையில் தருவா.

இப்படிக்கு,
நாகேஸ்வரி

•

எட்டாம் வாய்க்கால்,
3.12.1962

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். தாளை வெறுமையாய் அனுப்பியதற்கு உன்னோடு கோபம், ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். கதவு பார்த்து வரச் சொல்லி என்னை அனுப்பியிருக்கிறாய். பாலன் மச்சான் புது வீடு கட்டப் போகிறாரோ?

இன்றைக்குப் பெட்டிசத்தின் நல்ல பிரதியைக் காட்ட வாத்தியாரிடம் போனேன். தேத்தண்ணி தந்தார். கதையோடு கதையாக அந்த அறையைப் பார்க்கலாமோ என்று கேட்டேன். தாராளமாய்த் திறந்து காட்டினார். "பார் ஏரம்பு, வடிவாய்ப் பார். பழைய புத்தகமும் சோக்கும்தான். இதுக்குள்ளை எந்தக் காலத்திலும் ஒரு பிள்ளை கால் வைச்சதில்லை. பூட்டின்ரை திறப்பு எப்பவும் என்ரை மடியிலைதான்" என்றார்.

அதே பழைய பாலைமரக் கதவுதான். உட்பக்கக் கொண்டி நீ சொன்ன மாதிரி மேலேதான் இருக்கிறது. நான் கையை உயர்த்தினால் எட்டும். உன் மச்சாளுக்கு எட்டாது. கமலாசனி எங்கள் வீட்டு உரலைவிடக் கொஞ்சம்தான்

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு விளக்கில் எண்ணெய் விட எழும்பினேன். பிறகு எழுதவில்லை. இன்றைக்கு மூன்றாம் நாள்.

எந்தக் காலத்திலும் ஒரு பிள்ளையும் உள்ளே போனதில்லை என்று அவர் சொன்னார். உட்பக்கக் கொண்டி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை, தங்கச்சி. ஸக்கியாவின் பேருக்குத்தான் போடுகிறேன்.

ஏரம்பு

•

உடையார்கட்டு,
19.12.1962

அன்பான அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். இங்கே கடும் மழை. வேலி இரண்டு இடத்தில் விழுந்துவிட்டது. பிள்ளைக்குச் சட்டை தைக்கிறேன், பொங்கலுக்கு.

கதவைப் பற்றி நான் கேட்டதை மறந்துவிடுங்கள்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நாகேஸ்வரி

•

எட்டாம் வாய்க்கால்,
6.1.1963

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டும். இதை வாசிக்கிற நேரம் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இருபத்து மூன்றாம் திகதி வித்தியாதரிசி விசாரணைக்கு வருகிறார். பெட்டிசத்தில் முதல் பேர் என்னுடையது என்றபடியால் பெட்டிசக்காரரில் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். வாத்தியாரின் ஆட்கள் நான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்துவிட்டார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன்.

விமலேஸ்வரியிடம் மகளின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. இதே மாதிரி முந்தியும் நடந்தது என்று வேறு ஒருவர் சொன்னால் கதை மாறும் என்று தபால் கந்தோரில் ஒரு படித்த மனிசன் சொன்னார். நான் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

நான் சொன்னால் உன் பேர் வரும். உனக்கு ஒரு வீடு இருக்கிறது, மச்சான் இருக்கிறார், பெட்டைப்பிள்ளை ஒன்று வளர்கிறது. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அங்கே தனிய நிற்கும். இரண்டு பக்கமும் நினைத்துப் பார்க்கிறேன், சோறு இறங்குதில்லை. உன் மச்சாள் எனக்கு வயிற்றுக் குத்து என்று நினைத்து ஓமத்தண்ணீர் அவிக்கிறாள்.

இது உன் சொத்து, தங்கச்சி. நீ சொல்லாமல் நான் தொட மாட்டேன். ஓம் என்றால் ஓம் என்று எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. ஒரு சொல் போதும். பொங்கலுக்கு மறுநாள் தொடக்கம் ஒவ்வொரு நாளும் நானே தபால் கந்தோருக்குப் போவேன்.

அண்ணன்

•

எட்டாம் வாய்க்கால்,
27.1.1963

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் பதில் வரவில்லை. இருபத்து மூன்றாம் திகதி காலையிலும் போய்க் கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

மண்டபத்தில் மேசை போட்டு வித்தியாதரிசி இருந்தார். வாத்தியார் பக்கத்துக் கதிரையில். ஊர்ச் சனம் முழுக்க யன்னலில். கமலாசனியை முதலில் விசாரித்தார்கள். "ஏன் பிள்ளை நீ கதவைத் திறந்துகொண்டு ஓடேல்லை?" என்று வித்தியாதரிசி கேட்டார். "கொண்டி எட்டாது ஐயா" என்றது. யன்னல் பக்கத்தில் ஒருவன் மெல்ல "கையோ, காலோ?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வித்தியாதரிசி மேசையில் தட்டினார். அந்தப் பிள்ளை சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"அறுபத்திரண்டு பேரில் முதல் கையெழுத்து உம்முடையது. நீர் அறிந்ததைச் சொல்லும்" என்றார்.

"நான் ஒண்டும் அறியன் ஐயா" என்றேன். "நான் அந்த இடத்திலை நிக்கேல்லை. இதிலை பேர் வைச்ச ஒருதரும் நிக்கேல்லை."

"அப்போது ஏன் பொய் என்று எழுதினீர்?"

"அவர் எனக்குக் காணி எடுத்துத் தந்தவர் ஐயா."

"சரி. பிள்ளை சொல்வது உண்மை என்கிறீரா?"

"அதையும் நான் காணேல்லை. காணாத நான் பொய் எண்டு எழுதிப்போட்டன். என்ரை பேரை வெட்டிவிடுங்கோ."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னை வடிவாய்ப் பார்த்தார். "ஏன் இந்த மனமாற்றம்? யாராவது உம்மிடம் ஏதாவது சொன்னார்களா?"

தங்கச்சி, யன்னலில் நின்ற சனம் தலையை உள்ளே நீட்டியது. வாத்தியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தது. உன் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன்னுடைய ஓம் என்னிடம் இல்லை.

"ஒருதரும் ஒண்டும் சொல்லேல்லை ஐயா" என்றேன்.

என் பேரை வெட்டினார்கள். மிச்சம் அறுபத்தொன்றும் அப்படியே நின்றது. போதிய சாட்சி இல்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். வெளியே வாத்தியாருக்கு மாலை வைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டே என்னிடம் வந்தார். கோபம் இல்லை. என் தோளில் கையைப் போட்டார்.

"நாகேசு சுகமாய் இருக்கிறாளோ?" என்று கேட்டார். "அவளுக்கு ஒரு பெட்டைப்பிள்ளையாம் எண்டு கேள்விப்பட்டன். நான் விசாரிச்சதாய்ச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.

அண்ணன் ஏரம்பு

•

எட்டாம் வாய்க்கால்,
25.2.1963

அன்புத் தங்கச்சிக்கு,

உன் சுகத்தை அறிய ஆவல். உன் மச்சாளுக்கு இடுப்புப் பிடிப்பு. எனக்குக் கை முழுக்கக் கீறல். மற்றபடி சுகம்.

இங்கே அரிவு வெட்டு எப்படி என்று உனக்குத் தெரியும்தானே. கூலி கிடையாது. இன்றைக்கு நான் உன் வயலில் இறங்கினால் நாளைக்கு நீ என் வயலில். இந்த முறையும் நான் ஐயாத்துரையின் வயலுக்கு முதல் ஆளாய்ப் போனேன். வரம்பில் கால் வைக்க, "அண்ணை, எங்களுக்கு இருக்கிற ஆள் காணும். நீங்கள் போங்கோ" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அதை வைத்து ஒரு பகிடி வந்தது. சொல்லவில்லை.

எங்கள் முறைக்கு ஒருவரும் வரவில்லை. நானும் அன்னபாக்கியமுமாய்ப் பதினெட்டு நாள் வெட்டினோம். பாதி நெல் வெட்ட முன்னமே கதிரில் முற்றி உதிர்ந்துவிட்டது. கிளிகள் வந்தன. உன் மச்சாள் சத்தம் போடவில்லை. ஏன் என் பேரை வெட்டுவித்தேன் என்று அவள் ஒரு நாள்தான் கேட்டாள். வயலில் சொல்கிறேன் என்றேன். வயலிலும் சொல்லவில்லை.

விமலேஸ்வரி காணியை விட்டுவிட்டாள். துணுக்காயில் தமையனின் வீட்டுக்குப் பிள்ளையோடு போகிறாள் என்று அறிந்து, அதற்கு முதல் நாள் அவள் வளவுக்குப் போனேன். படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். அவள் வெளியே வரவில்லை.

"என்ன, இன்னுமொரு பகிடி கொண்டு வந்தனியோ?" என்று உள்ளே இருந்து கேட்டாள்.

திரும்பி வந்துவிட்டேன்.

நீ எழுதாததற்கு நான் குறை சொல்லவில்லை. இருக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி போடு.

அண்ணன் ஏரம்பு

•

உடையார்கட்டு,
14.3.1963

அன்பான அண்ணைக்கு,

நாகேஸ்வரி எழுதுவது. இருக்கிறேன். மச்சாளின் இடுப்புக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொல்லுங்கள்.

தபால் பிந்தவில்லை, அண்ணை. மழையும் மறிக்கவில்லை. ஓமோ வேண்டாமோ என்று கேட்ட உங்கள் ஜனவரிக் கடிதத்தை ஒன்பதாம் திகதியே ஸக்கியா கொண்டுவந்து தந்துவிட்டா. அன்றைக்கே ஓம் என்று எழுதினேன். பிள்ளை வந்து மடியில் இருந்தாள். கிழித்துவிட்டேன். அடுத்த நாள் வேண்டாம் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். இருபத்து மூன்றாம் திகதி வரை அப்படியே செய்துகொண்டிருந்தேன். பிறகு எழுதத் தேவை இல்லாமல் போய்விட்டது.

வாத்தியார் என்னையும் பிள்ளையையும் விசாரித்ததாக எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபிறகு பிள்ளை வாசலில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. ஒரு மாதம் மனதுக்குள் வைத்திருந்துவிட்டு உங்கள் மச்சானுக்குச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். அவர் மூன்று நாள் பேசவில்லை. பிள்ளையோடும் பேசவில்லை. நாலாம் நாள், துணுக்காய்க்குப் போக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்காமல் பஸ்சுக்குக் கொண்டுவந்து விட்டார். இப்போது பேசுகிறார். ஆனால் தேவைக்குத்தான்.

துணுக்காயில் அவர்களைத் தேடிப் பிடித்தேன். உங்கள் தங்கச்சி என்று அறிந்ததும் விமலேஸ்வரி எழும்பி உள்ளே போய்விட்டா. கமலாசனி மட்டும் இருந்தாள். உண்மையில் சின்ன உருவம்தான். நாற்று நடப் போய்க் காலெல்லாம் சேற்றுப்புண். எனக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த அறையில், கதவுக்கு இடப்பக்கம் உடைந்த பூகோள உருண்டை ஒன்று இருக்கும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இப்பவும் இருக்குது" என்றாள்.

பிறகு கேட்டாள்: "அக்கா, நீங்கள் அப்ப ஆரிட்டையாவது சொன்னனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

"அப்ப உங்களைப் பாத்து ஒருதரும் சிரிக்கேல்லை" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காலில் மருந்து பூசிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிப் பூசிவிட்டேன். பஸ்சுக்கு நேரமாகும் வரைக்கும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

வரும் வழியெல்லாம் அவள் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பதினொரு வருசமாக நான் உங்களிடம் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். நான் அந்தப் பின்னேரம் வீட்டுக்கு வந்தவுடன் உங்களிடம் சொல்லியிருந்தால், நீங்கள் என்னை நம்பியிருப்பீர்களா?

எனக்கு ஆறுதலுக்காக எழுத வேண்டாம். யோசித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாகேஸ்வரி

•

எட்டாம் வாய்க்கால்,
27.3.1963

அன்புத் தங்கச்சி நாகேஸ்வரிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒன்பது நாள். யோசித்து எழுதச் சொன்னாய். யோசித்தேன்.

முதல் நாள், நம்பியிருப்பேன் என்று எழுதினேன். எழுதும்போதே அது பெட்டிசத்தில் எழுதியதைப் போலத்தான் இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

இல்லை, தங்கச்சி. நம்பியிருக்க மாட்டேன்.

நீ சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்பேன். வகுப்புக்குப் போகாமல் இருக்கக் கள்ளம் என்று ஏதாவது பகிடி சொல்லியிருப்பேன். நீ அழுதிருந்தால் அடித்திருப்பேன். அந்த மாதம்தான் காணிக்கு எங்கள் பேர் எழுதப்பட்டுக் கிடந்தது. வாத்தியாரின் காதுக்கு இது போய்விடுமோ என்று பயந்திருப்பேன். அதனால் உன்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அவருக்கு முன்னால் நிறுத்தி, மன்னிப்புக் கேள் என்று சொல்லியிருப்பேன்.

நீயும் கேட்டிருப்பாய்.

அண்ணன்